ஆளில்லாத கரை

ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது. வலி இன்னும் வாய்வரைக்கும் ஏறவில்லை, அதனால் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியம்மாவும் சுகமா? குளிர் எப்படி?

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் உன் தம்பி எழுதுவான், அவன் எழுதினால் அதற்குக் கைகால் முளைத்துவிடும். போன வாரம் நகரமண்டபத்தில் கூட்டம். ஊரில் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். விழாச் செயலாளர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். பெரிய மனிதர் குனியக் கூடாதே என்று நான் குனிந்தேன். 'டர்ர்' என்று ஒரு சத்தம். மண்டபமே திரும்பிப் பார்த்தது. தையல்காரனின் கால்சட்டை பின்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டு, "தையல் விடலைங்க, துணிதான் விட்டுடுச்சு" என்றேன். உண்மைதான் அம்மா. தையல் அப்படியே நின்றது, அதற்குப் பக்கத்துத் துணிதான் போனது. செயலாளர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வேலைய இவருக்கே குடுத்துடுங்க" என்றார். ஆக, இத்தனை வருஷத் தொழிலில் பெரிய ஆர்டர் எனக்குப் பின்பக்கமாக வந்து சேர்ந்தது.

என்ன ஆர்டர் என்று கேட்பாய். கப்பல்காரர்கள் நம் கரையில் இறங்கி, கோட்டை கட்டி, ஊர் வைத்து, வருகிற ஏப்ரலோடு நானூறு வருஷமாம். அந்த இறங்கலை அப்படியே கடற்கரையில் நடித்துக் காட்டப்போகிறார்கள். நிஜப் படகு, நிஜக் கொடி, பேண்டு வாத்தியம். சிப்பாய்களுக்குச் சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான். கரையில் நின்று வேடிக்கை பார்த்த நம் ஆட்களுக்கு முரட்டுத் துணியில் தொளதொள அங்கி. கோட்டு ஒன்றுக்குப் பிடிக்கிற துணியில் நம் ஆட்கள் மூன்று பேரின் மானத்தை மூடிவிடலாம்.

நம் வாத்தியாருக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் கட்டப்போகும் பெரிய திரையில் படம் வரைய வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்தவருக்கு இப்போது முழுக் கடலே கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவர்தான் எனக்குக் காவல். மண்டபத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை என் முதுகோடு ஒட்டிக்கொண்டே நடந்து வந்தார். "மெதுவா நடங்க மாமா, நமக்கு நடுவுல காத்துகூடப் போகக் கூடாது" என்கிறார். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் சொல்லு.

அவருடைய அப்பா, நம் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர், கல்யாணத்துக்கு முன்னாலேயே சம்பந்தி முறுக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார். என் சைக்கிளுக்குக் காற்றடித்தால், "சம்பந்தின்னுதான் ரெண்டு அடி கூட அடிச்சிருக்கேன்" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
கிழிந்த கால்சட்டை அப்பா


ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்காலுக்கு மருந்து தடவுகிறீர்களா, இல்லை கேலி மட்டும் செய்கிறீர்களா? நான் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா சுகம்தான். தினமும் காலையில் நான் யார் என்று கேட்பார், சொல்வேன், சாயங்காலம் மறுபடியும் கேட்பார். உங்கள் கால்சட்டைக் கதையை அவர் மொழியில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் மறந்துபோயிருந்தது, மறுபடி சொன்னேன், மறுபடி சிரித்தார். ஒரு கிழிசலை வைத்து ஒரு வாரம் ஓட்டினேன் அப்பா.

உங்கள் மாப்பிள்ளையும் மூன்று பக்கம் எழுதியிருந்தார். கடலின் நிறத்தைப் பற்றியே இரண்டரைப் பக்கம். மீதி அரைப் பக்கத்தில் என்னை நலம் விசாரித்திருக்கிறார். டிசம்பரில் கல்யாணத்துக்கு வந்ததும் இதற்குக் கணக்குத் தீர்ப்பேன் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி ஏன் எழுதுவதில்லை? அச்சகத்தில் ஊருக்கெல்லாம் எழுத்துக் கோக்கிறான், அக்காவுக்கு ஒரு வரி கோக்க முடியவில்லையா?

பத்திரமாக இருங்கள். எல்லாருக்கும் என் அன்பு.

உங்கள் மகள்


பிப்ரவரி 21

அன்பு மகளுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு மருந்து தடவுகிறேன். கேலியும் செய்கிறேன். இரண்டில் எது வேலை செய்கிறதோ தெரியவில்லை, இப்போது படி ஏறுகிறாள்.

சிப்பாய் வேஷம் போடுவது யார் தெரியுமா? ஆயுதப்படைப் போலீஸ்காரர்கள். அவர்களுக்குத்தான் கால் ஒன்றாகப் போடத் தெரியுமாம். வரிசையாகக் கடைக்கு வந்தார்கள். ஒருவருக்கு மூச்சை இழுத்தால் ஒரு இடுப்பு, விட்டால் ஒரு இடுப்பு. "எதுக்குத் தைக்கட்டும் ஐயா?" என்றால், "இழுத்ததுக்கே தை, விழா முடியிற வரைக்கும் தாங்கிடுவேன்" என்கிறார். தங்கமான மனிதர். டேப்பைக் கழுத்தில் போடும்போது கூசுகிறது என்று நெளிந்தார்.

கோட்டெல்லாம் முடிந்தது. அங்கிகளும் முக்கால்வாசி முடிந்துவிட்டன. அப்போதுதான் செயலாளர் ஆளனுப்பினார். போனேன், நல்ல கால்சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டுதான்.

"டெய்லர், அந்த அங்கி வேலைய நிறுத்திடுங்க. கதைய மாத்திட்டோம்."

"நம்ம ஆளுங்க வர்ற இடமுங்களே?"

"அவங்க இல்லை. கரை காலியா இருக்கும். கப்பல்காரங்க வந்து இறங்குவாங்க. பாக்கவும் அழகா இருக்கும்."

மேசை மேல் விழாக் கல்லுக்கான வாசகம் இருந்தது. தலைகீழாகத்தான் படித்தேன். ஆளில்லாத கரையில் அவர்கள் இறங்கினார்கள், ஒரு நகரம் பிறந்தது, என்று இருந்தது.

நான் அதிகம் படித்தவனில்லை. ஆனால் நம்மை ஊரில் ஏன் இன்றைக்கும் அக்கரைக்காரர்கள் என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கரையில் குடிசை போட்டிருந்தவர்களைக் கொளுத்தி, ஓடையைத் தாண்டி விரட்டினார்கள். தாண்டியவர்களின் பிள்ளைகுட்டி நாம். தாண்டாதவர்கள் கோட்டைச் சுவருக்கு அடியில் இருக்கிறார்கள் என்று என் அப்பா சொல்வார். இதையெல்லாம் செயலாளரிடம் சொன்னேனா? "அப்ப மிச்சத் துணி?" என்று கேட்டேன். "நீங்களே வெச்சுக்குங்க" என்றார். வீரமாகத் திரும்பி வந்தேன்.

வாத்தியாருக்கும் அதே கதி. திரையில் கரையோரம் ஆண், பெண், குழந்தை என்று ஒரு கூட்டத்தையே வரைந்திருந்தார். ஒரு குழந்தைக்கு உன் மூக்கு. அவர்கள் எல்லாரையும் அழித்து மணலாக்கச் சொல்லிவிட்டார்கள். கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மணல் அடிச்சிட்டேன் மாமா" என்றார். அவ்வளவுதான். உன் தம்பிதான் வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துகிறான். கத்துகிறவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, சோறு ஆறினால் தானாக வந்து உட்காருவான்.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல். 

அன்புடன்,
அப்பா


மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

இந்த முறை அவர் நான்கே வரி எழுதியிருந்தார். கடலின் நிறம்கூட இல்லை. "நீ வரும்போது கரை அங்கேதான் இருக்கும்" என்று ஒரு வரி. எனக்கு அது பிடிக்கவில்லை அப்பா. தம்பி முதல் முறையாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான், அது இன்னும் பிடிக்கவில்லை. இருவரும் எதையோ சேர்ந்து செய்யப்போகிறார்கள்.

செய்தவர்களும் செத்துவிட்டார்கள், பட்டவர்களும் செத்துவிட்டார்கள். ஒரு கல்லில் என்ன எழுதியிருந்தால் நமக்கு என்ன? எனக்கு டிசம்பர் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். அவரை நீங்கள் தடுக்க வேண்டும். தம்பி உங்கள் பேச்சைக் கேட்க மாட்டான், அவர் கேட்பார். நீங்கள் சொன்னால் கேட்பார். எனக்காகச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் இதைப் படித்துக்காட்ட வேண்டாம்.

உங்கள் மகள்


மார்ச் 27

அன்பு மகளுக்கு,

சுகம். உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக்காட்டவில்லை. அவளாகவே எடுத்துப் படித்துவிட்டாள்.

நீ நினைத்தது சரி. கடைக்கு வந்தார்கள். உன் தம்பி முன்னால், வாத்தியார் பின்னால், அதற்குப் பின்னால் நம் தெருப் பையன்கள். மிச்சம் கிடக்கிற அங்கிகள் வேண்டுமாம்.

"எதுக்குடா?"

"விழா அன்னிக்குப் போட்டுக்கிட்டுக் கரையில நிக்கப்போறோம்."

"நின்னு?"

"நின்னு, அவ்வளவுதான். கோஷம் கிடையாது, கல்லெறி கிடையாது. படகு வரும்போது கரையில ஆளிருக்கும். அது போதும்பா."

வேண்டாம் என்றேன். உன் பெயரைச் சொல்லியே வாத்தியாரிடம் வேண்டாம் என்றேன். அவர், "அழிச்ச கை மாமா இது. ஒரு தடவை திருப்பி வரைஞ்சிட்டு வந்துடறேன். பயப்படாதீங்க, பேண்டு வாத்தியம் முடியறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவோம்" என்றார். அவருடைய அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என் பையன் வாயத் திறந்து ஒண்ணு கேட்டதே இல்ல சம்பந்தி, குடுத்துடுங்க" என்றார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவனாக அளவும் எடுத்துக்கொண்டிருந்தேன். அளவெடுத்துக்கொண்டே வேண்டாம் என்றால் எவன் கேட்பான்? யாரோ பெயர் தெரியாத நடிகனுக்காகத் தைத்தது, இவர்களுக்குத் தோளில் நிற்கவில்லை, கையில் வழிகிறது. அப்படியே கொடுத்தனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பிரித்து, பிடித்து, மடித்துத் தைத்தேன். விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஒன்றும் ஆகாது. சும்மா நிற்கிற பிள்ளைகளை யார் என்ன செய்வார்கள்? அந்தச் சிப்பாய்கள் எல்லாருமே என் வாடிக்கைக்காரர்கள்.

கவலைப்படாமல் தூங்கு.

அப்பா


ஏப்ரல் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? இங்கே ஒரு பழைய செய்தித்தாளில் நம் ஊர் விழாவின் படம் வந்திருக்கிறது. படகு, கொடி, சிவப்புக் கோட்டுகள். உங்கள் கோட்டு என்று பெரியம்மாவிடம் காட்டினேன். படத்தின் ஓரத்தில், மணலில், வெளிறிய துணியில் யாரோ கிடக்கிறார்கள். கீழே, சிறு சலசலப்பைத் தவிர விழா இனிதே நடந்தது, என்று போட்டிருக்கிறது.

சலசலப்பு என்றால் என்ன அப்பா? அவரிடமிருந்து கடிதம் இல்லை. தம்பியிடமிருந்தும் இல்லை. உடனே எழுதுங்கள்.

மகள்


ஏப்ரல் 30

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. சுகம். உன் சுகத்துக்குப் பதில் எழுதவும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. இங்கே வெயில் அதிகம். தையல் மிஷினின் பெல்ட்டு அறுந்துவிட்டது, புதிது போட்டிருக்கிறது. விழா முடிந்தது. நல்ல கூட்டம். உன் தம்பி வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறான், வந்ததும் எழுதுவான். பக்கத்துச் சைக்கிள் கடை கொஞ்ச நாளாகத் திறக்கவில்லை. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. பெரியம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். வேலைதான் முக்கியம்.

அப்பா


மே 14

அப்பா,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அதில் நீங்கள் ஓரிடத்தில்கூட உங்களைக் கேலி செய்துகொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி ஒரு கடிதமோ, பேச்சோ உங்களிடமிருந்து வந்ததில்லை.

சைக்கிள் கடை ஏன் திறக்கவில்லை? அவரைப் பற்றி ஒரு எழுத்துகூட ஏன் எழுதவில்லை? அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தெரிந்திருந்தால் அவரையே கேட்டிருப்பேன். உங்கள் மாப்பிள்ளைக்கு நான் எழுதிய கடிதம் வாங்குவாரில்லை என்று திரும்பி வந்திருக்கிறது.

எனக்குத் தாங்கும். எழுதுங்கள்.


மே 31

மகளே,

உன் கடிதம் வந்தது. எழுதுகிறேன். இன்றைக்கு உட்கார்ந்தேன், முடியவில்லை. அம்மா தினமும் எழுதினீர்களா என்று கேட்கிறாள். எழுதுகிறேன்.

அப்பா


ஜூன் 12

அப்பா,

பெரியம்மா இன்று நான் யார் என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இருக்கிறாரா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.


ஜூன் 28

அன்பு மகளுக்கு,

இல்லை அம்மா. வாத்தியார் இல்லை.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. எழுதிய பிறகு பார்த்தால் எவ்வளவு சின்ன வரி. உன் தம்பி உயிரோடு இருக்கிறான். வெளியூர் என்று நான் எழுதியது ஜெயில். அம்மா வாரா வாரம் போய்ப் பார்க்கிறாள். முன்பல் ஒன்று போய்விட்டது. வழக்கு நடக்கிறது. கடிதத்தின் முடிவில் எழுத வேண்டிய நல விசாரிப்பை இங்கேயே எழுதிவிடுகிறேன், முடிவில் அதற்கு இடம் இருக்காது. நீ சாப்பிட வேண்டும். தனியாக இருக்காதே, அந்தப் பெரியம்மாவின் பக்கத்திலேயே படுத்துக்கொள். நாங்கள் இருக்கிறோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியக் கூடாது.

அன்றைக்கு நானும் சம்பந்தியும் கூட்டத்துக்கு நடுவில் நின்றோம். கல்லைத் திறந்தார்கள். பேண்டு முழங்கியது. படகுகள் வந்துகொண்டிருக்கும்போது, கோட்டைச் சுவரோரமாக நம் பிள்ளைகள் நடந்து வந்து கரையில் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. காற்றில் அந்த அங்கிகள் ஆடின. வாத்தியார் நடுவில், உன் தம்பி ஓரத்தில். கூட்டம் இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கைதட்டியது. மேடையில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளும் தட்டினார்கள். நானும் தட்டினேன். ஒருவனுக்கும் தோள் வழியவில்லை, கை இழுக்கவில்லை. எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று தட்டினேன்.

படகுகள் கரை தட்டின. பிள்ளைகள் நகரவில்லை. செயலாளர் மேடையிலிருந்து கையை ஆட்டினார். சிப்பாய்கள் இறங்கினார்கள். மரத் துப்பாக்கிதான், ஆனால் நல்ல கனமான மரம். முதல் அடி விழுந்தபோது எனக்குப் பக்கத்தில் ஒருவர், "என்னமா நடிக்கிறாங்க பாருங்க" என்றார். கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. பிள்ளைகள் ஓட இடமில்லை, மூன்று பக்கமும் கயிறு கட்டியிருந்தது. கடல் பக்கம்தான் திறந்திருந்தது. தண்ணீருக்குள் போனார்கள். சிவப்புக் கோட்டுகள் பின்னாலேயே போனார்கள். கூசுகிறது என்று நெளிந்தாரே, அவரையும் பார்த்தேன். இழுத்த மூச்சு இழுத்தபடியே இருந்தது, கோட்டு எங்கும் கிழியவில்லை.

நான் கத்தினேன். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

உன் தம்பி சொல்வது இது. "நான் அல்லாடிக்கிட்டிருந்தேன்பா. மச்சான் என்னைப் பிடிச்சுக் கரைப்பக்கம் தள்ளிட்டு, இன்னொருத்தனைப் பிடிக்கத் திரும்பினார். பின்னாடியே வந்துடுவார்னு நினைச்சேன்." இதைச் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் பெயரைப் போலீஸ் சொல்லவில்லை. ஒவ்வொருவனாக விட்டார்கள். சிலர் ஆஸ்பத்திரியில் கிடைத்தார்கள். கடைசியில் எங்கள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி ஆள் வந்தான். அலை ஒருவரைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்றான்.

நானும் சம்பந்தியும் போனோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், ஏறவில்லை. பாதி வழியில், "உங்க பையனா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வரேன் சம்பந்தி" என்றார். "நானும் உங்க பையனா இருக்கக் கூடாதுன்னுதான்" என்றேன். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் முழுசாகவும் சொல்லவில்லை.

முகத்தைப் பற்றி எழுத மாட்டேன், நீயும் அதை நினைக்கக் கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே மாதிரிக் கருத்த முடி. சம்பந்தி பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். பெற்ற தகப்பனுக்கே தெரியவில்லை. "துணிய வெச்சு ஏதாவது சொல்ல முடியுமா?" என்று கேட்டான் அங்கே இருந்தவன். சம்பந்தி என் பக்கம் திரும்பி, "நீங்கதானே தெச்சீங்க" என்றார்.

எல்லாம் ஒரே துணி, ஒரே நூல். ஆனால் வாத்தியாருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். நீ கவனித்திருப்பாயோ என்னவோ. அவன் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே அவனுக்குத் தைக்கிற சட்டையில் அந்தப் பக்கம் மட்டும் உள்ளே ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்துத் தைப்பேன். வெளியே இரண்டு தோளும் சமமாகத் தெரியும். அவனிடம் சொன்னதில்லை. அவன் அப்பாவிடமும் சொன்னதில்லை. உடம்பில் இருக்கிற குறையைத் தையல்காரன் மறைப்பானே தவிர, சொல்ல மாட்டான். இந்த அங்கியிலும் கை தன் பழக்கத்துக்கு அதைச் செய்திருந்தது.

குனிந்து இடது தோளைத் தொட்டேன். துணி விறைத்துப்போயிருந்தது, உப்பும் மணலும். விரலை உள்பக்கம் விட்டேன்.

அப்புறம் நிமிர்ந்து, "சம்பந்தி, இது உங்க பையன்" என்றேன்.

அவர் கீழே விழவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டார். சாய்ந்தபடியே, "உங்களுக்காவது பிள்ளை இருக்கானே, அது போதும்" என்றார். அந்த இடத்திலும் அந்த மனிதர் எனக்காகச் சந்தோஷப்பட்டார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். "நம்ம பிள்ளைதான் சம்பந்தி, நமக்குப் போச்சு" என்றேன். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு அவரை நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வருகிறது. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. உனக்கு இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கும் காரணம் அதுதான், வாத்தியார் போனதை எழுதினால் இதையும் எழுத வேண்டிவரும் என்று.

விரலில் அந்த மடித்த துணி தட்டுப்பட்டதே, அந்த நொடியில், அவருடைய பிள்ளை என்று தெரிந்த அதே நொடியில், உனக்குப் பார்த்து வைத்தவன் என்று தெரிந்த அதே நொடியில், என் மனசு ஒன்று சொன்னது மகளே. வாயைத் திறந்து நான் சொல்லவில்லை.

அப்பாடா, என் பையன் இல்லை.